குளக்கரையும் மாமன்றமும்

கோயமுத்தூரில் வீடில்லாதவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கலெக்டரைச் சொல்வார்கள், குடிசை மாற்று வாரியத்தைச் சொல்வார்கள், நல்ல மனசுள்ள ஒரு அறக்கட்டளையைச் சொல்வார்கள். வார்டு கவுன்சிலர் பெயர் வராது. வந்தாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவராகத்தான் வரும்: புறம்போக்கில் குடிசை போடக் கண்ணைக் காட்டியவர், ஓட்டுக்காக ஆக்கிரமிப்பைக் காப்பாற்றியவர் என்று. இந்தப் பழியில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த ஊரின் நூற்றைம்பது ஆண்டு நகராட்சி வரலாற்றைப் புரட்டினால் கோளாறு வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது. உள்ளூர்த் தலைவர்களிடம் பொறுப்பும் அதிகாரமும் சேர்ந்து இருந்த காரியங்களை, எத்தனை காலம் பிடித்தாலும், அவர்கள் முடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஏழைக்கு வீடு என்ற ஒரு காரியம் மட்டும் ஒருபோதும் முழுதாக அவர்கள் கைக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டிய காலங்களில் மாமன்றமே இல்லாமல் இருந்தது.

கோவை நகராட்சி 1866இல் அமைந்தது. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1888இல், ஊருக்குப் பஞ்சாலையைக் கொண்டுவந்தவரும் அவரே. அந்தக் கால நகராட்சியின் பெரிய தலைவலி தண்ணீர். பத்திரிகையாளரும் நகராட்சி உறுப்பினருமான சே.ப. நரசிம்மலு நாயுடு, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சிறுவாணியைத் திருப்பி ஊருக்குக் கொண்டுவரலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியும் பேசியும் வந்தார். மலபாரும் கோவையும் அன்று ஒரே சென்னை மாகாணம் என்பதால் இன்றைய மாநில எல்லைத் தகராறு அப்போது கிடையாது; பணத்தகராறுதான் இருந்தது. நாயுடு 1922இல் மறைந்தார். தண்ணீர் அதற்குப் பிறகே, நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில் வந்து சேர்ந்தது. ஒரு கோரிக்கையை நாற்பது ஆண்டுகள் கைவிடாமல், தலைமை மாறினாலும் தீர்மானத்தை விடாமல் இழுத்துச் சென்றது ஒரு நகர்மன்றம் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ‘உள்ளூர் அரசியல்வாதிக்கு அடுத்த தேர்தலுக்கு அப்பால் கண் தெரியாது’ என்று சொல்கிறவர்கள் சிறுவாணிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கூரைப் பிரச்சினையும் அதே காலத்தில்தான் முதன்முதலாக நகராட்சியின் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தது பிளேக். 1896இல் பம்பாயில் இறங்கிய நோய் அடுத்த பத்தாண்டில் கோவையை அடைந்து, திரும்பத் திரும்ப வந்து வாட்டியது. இன்றும் ஊரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருக்கின்றன. எலி செத்து விழ ஆரம்பித்ததும் சனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டங்காடுகளில் சாளை போட்டுக்கொண்டு கிடந்தார்கள். அதாவது, நகரமே கொஞ்ச காலத்துக்கு வீடற்றதாகிப் போனது. நெருக்கிக் கட்டிய சந்துகளில் காற்றும் வெளிச்சமும் இல்லாததுதான் காரணம் என்று முடிவுகட்டி, ஊருக்கு வெளியே அகலமான தெருக்களோடு புதிய குடியிருப்புகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அப்படி உருவானதுதான் இரத்தினசபாபதிபுரம், இன்றைய ஆர்.எஸ்.புரம். அதன் நடுவே ஓடும் டி.பி. சாலையும் திவான் பகதூர் பட்டம் பெற்ற அதே முதலியாரின் சாலைதான். நெரிசல் வீடு நோய்க்குக் காரணம், நகராட்சி நிலத்தை ஒழுங்கு செய்து கொடுத்தால் சனம் குடியேறும் என்ற கணக்கு சரியாகவே பலித்தது.

ஆனால் யாருக்குப் பலித்தது? மனை வாங்கக் காசு இருந்தவர்களுக்கு. அந்தக் கால நகராட்சித் தேர்தலில் வரி கட்டுகிறவர்களுக்கும் சொத்து உள்ளவர்களுக்கும்தான் ஓட்டு. ஓட்டு இருந்தவர்களின் அச்சத்துக்குத் தலைவர்கள் செவிசாய்த்தார்கள். அவர்களுக்கு ஒரு புரமே எழுந்தது. ஓட்டில்லாதவர்களின் குடிசைகள் பிளேக் காலத்தில் பிரித்துப் போடப்பட வேண்டிய சாமான்களாகவே பார்க்கப்பட்டன. தலைவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. தங்களுக்குப் பதில் கேட்கக்கூடியவர்களுக்கு அவர்கள் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

1901இல் ஏறத்தாழ 53 ஆயிரம் பேர் இருந்த ஊர், அரை நூற்றாண்டில் இரண்டு லட்சத்தை நெருங்கியது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் வரிசையாக எழுந்தன. சில முதலாளிகள் தொழிலாளிகளுக்கு லைன் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே பத்து வாசல், வாசலுக்கு ஒரு குடும்பம், கோடியில் பொதுக் குழாய். வேலை போனால் வீடும் போய்விடும் என்றாலும் அதற்குக் கூரை என்று பேர் இருந்தது. இந்த ஏற்பாட்டுக்குள் வராதவர்கள் ஆலை வாசலில் இடம் கிடைக்காதவர்கள்: துப்புரவு வேலைக்கும் தோல் வேலைக்கும் மூட்டை தூக்கவும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த அருந்ததியர் குடும்பங்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், மார்க்கெட் கூலிகள். ஊரில் பண்ணையத்துக்காரர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு நகரத்தில் கிடைத்தது குளக்கரை. நொய்யலோடு இணைந்த குளங்கள் நகரின் மேற்கிலும் தெற்கிலும் சங்கிலியாகக் கிடந்தன: செல்வாம்பதி, குமாரசாமிக் குளம் என்கிற முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். முத்தண்ணன் குளக்கரைக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் நடந்தே போய்விடலாம். திட்டமிட்டுப் பிரித்த புரத்தில் பாத்திரம் கழுவவும் தெருக் கூட்டவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் எங்கே தூங்குவார்கள் என்பதற்கு அந்தத் திட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஓட்டு வந்ததும் நிலைமை பாதி மாறியது. குளக்கரைக்காரர் வாக்காளர் ஆனார். கவுன்சிலர் அவர் வாசலுக்கு வந்தார். ஆனால் வந்தவர் கையில் என்ன இருந்தது? குளம் பொதுப்பணித் துறையின் சொத்து. பட்டா கொடுப்பது வருவாய்த் துறை. 1970இல் மாநில அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்து, 1971இல் சட்டமும் இயற்றிய பிறகு ஏழைக்கு வீடு கட்டும் வேலையும் சென்னையில் தலைமையகம் கொண்ட வாரியத்துக்குப் போய்விட்டது. வாரியத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாநில அரசே குடிசைப் பகுதிக்குப் பொறுப்பேற்ற விதத்தில் அன்றைய இந்தியாவில் அது பெரிய முன்னெடுப்பு. ஆனால் அதன் பக்கவிளைவாகக் கவுன்சிலரிடம் மிஞ்சியது ஒரு தெருவிளக்கு, ஒரு பொதுக் குழாய், ஒரு காங்கிரீட் நடை, ரேஷன் கார்டுக்கு ஒரு சிபாரிசு. நிரந்தரமாக எதையும் தர முடியாதவர் தற்காலிகமானதைத் தந்து ஓட்டு வாங்கினார். இதைத்தான் நாம் ‘ஓட்டு வங்கி அரசியல்’ என்று ஏசுகிறோம். தெருவிளக்குக்குப் பதில் பட்டா கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்து, அதைக் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தால் அந்த ஏச்சு முழுதும் பொருந்தும்.

அந்தக் குறைந்தபட்ச உறவும் அடிக்கடி அறுந்து போனது. கோவை மாநகராட்சியாக உயர்ந்தது 1981இல். மக்கள் தேர்ந்தெடுத்த முதல் மேயராக வி. கோபாலகிருஷ்ணன் பொறுப்பேற்றது 1996இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் ஊரை ஆண்டது அதிகாரிகள். ஆலைகள் நலிந்து மூடத் தொடங்கியதும், லைன் வீட்டிலிருந்து வெளியேறியவர்கள் குளக்கரைகளிலும் ரயில்வே ஓரத்திலும் சேர்ந்ததும் அந்தக் காலத்தையும் அதை ஒட்டிய ஆண்டுகளையும் சேர்ந்ததுதான். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகர்ப்புற வறுமை ஒழிப்பையும் நகராட்சிகளின் பணிகளாகப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பணி ஏட்டில் நகராட்சிக்கு, நடப்பில் வாரியத்துக்கு என்றே தொடர்ந்தது. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. சனங்கள் இன்றும் ‘ஸ்லம் போர்டு வீடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு வந்தது 2016. அந்த ஆண்டு சனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் இருபது நகரங்களில் கோவை இடம்பெற்றது. அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்ய, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 வரை நடக்கவில்லை. நகரத்தின் முகத்தையே மாற்றிய குளக்கரைப் பணிகளில் பெரும்பகுதி, அதற்காக முத்தண்ணன் குளம், வாலாங்குளம் கரைகளில் குடியிருப்புகளை அகற்றிய வேலை, எல்லாம் மேயரும் இல்லாத, நூறு வார்டுக்கு ஒரு கவுன்சிலரும் இல்லாத இந்த ஐந்தரை ஆண்டில் நடந்தன. மத்திய அரசு 500 கோடி, மாநில அரசு 500 கோடி என்ற கணக்கில் வந்த பணத்தைச் செலவிட்டது மாமன்றத்துக்கு வெளியே அமைத்த ஒரு கம்பெனி. ‘உள்ளாட்சிக்குப் பணம் இல்லை, அதனால் வீடு தர முடியவில்லை’ என்ற வாதம் இந்த இடத்தில் நிற்கவில்லை. பணம் வந்தது. அதை எங்கே செலவிடுவது என்ற பேச்சில் குளக்கரைக்காரரின் பிரதிநிதிக்கு நாற்காலி இல்லை.

அகற்றப்பட்டவர்களுக்கு வாரியம் வீடு ஒதுக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், கோவைப்புதூர் அடுக்குமாடிகளுக்குக் குடும்பங்கள் போயின. ஓலைக்கும் தகரத்துக்கும் பதில் காங்கிரீட் கூரை, கதவு போட்ட கழிப்பறை, மின் இணைப்பு. இதைச் சிறியதென்று யாரும் தள்ள முடியாது. ஆனால் கீரணத்தம் நகர மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கிறது. விடியுமுன் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டியவளுக்கும், ஆர்.எஸ்.புரத்தில் நான்கு வீடு பார்க்கிறவளுக்கும் அந்தத் தூரம் பஸ் கட்டணமாகவும் இழந்த வீட்டுவேலையாகவும் கணக்கில் ஏறுகிறது. அதைவிட அதிகம் பேசப்படாதது இன்னொன்று. கீரணத்தமும் மலுமிச்சம்பட்டியும் அவர்கள் குடியேறியபோது மாநகராட்சி வார்டுகள் அல்ல, கிராம ஊராட்சிகள். வெள்ளலூர் பேரூராட்சி. ஆக, இடம் மாறியவர் மாநகராட்சியின் வாக்காளராகவும் இல்லாமல் போனார். அவரை வெளியேற்றிய அமைப்பிடம் கேள்வி கேட்கும் உரிமையும் வீட்டோடு சேர்ந்து குளக்கரையிலேயே தங்கிவிட்டது. புதிய ஊரின் தலைவருக்கோ, தான் கேட்காத நூற்றுக்கணக்கான குடும்பங்கள், தன் பட்ஜெட்டுக்கு மீறிய குப்பை, தண்ணீர், சாக்கடை. அவரும் வாரியத்தைக் கைகாட்டினார். பெயருக்குப் பல அமைப்புகள் இருக்க, லிஃப்ட் நின்றாலும் மோட்டார் கெட்டாலும் யாரிடம் போவது என்பதே அங்கே பாதி வாழ்க்கையாகிவிட்டது.

குளங்களைக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மழைக்காலத்தில் கரையில் குடியிருந்தவர்களே முதலில் நனைந்தவர்கள். ஒருவரை இடம்மாற்றலாமா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கே, எப்போது, யார் முடிவு செய்வது என்பதில்தான் சண்டை. உக்கடம் மேம்பாலத்துக்காகத் துப்புரவுத் தொழிலாளர்களின் சி.எம்.சி. காலனியைக் காலி செய்யச் சொன்னபோது அவர்கள் உக்கடத்திலேயே வீடு வேண்டும் என்று நின்றார்கள். தொழிற்சங்கமும் கட்சிகளும் பின்னால் இருந்தன. மாநகராட்சி வேலையே அவர்கள் கையில் இருந்தது. குரல் இருந்த இடத்தில் ‘அங்கேயே’ என்ற சொல்லையாவது பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர முடிந்தது. குளக்கரையில் சிதறிக் கிடந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கவனிக்க ஆளில்லாத காலத்தின் கொடூரமான விலை மேட்டுப்பாளையத்தில் தெரிந்தது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, விடாத மழையில் நடூர் ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல் பக்கத்து வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் சரிந்து, தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்தோம் என்று அந்த மக்கள் சொன்னார்கள். கருங்கல் சுவர் ஒன்று ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்து நிற்கிறது என்பது சென்னையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு மனுவாகத்தான் தெரியும். தேர்ந்தெடுத்த பிரதிநிதி இருந்திருந்தால் சுவர் விழுந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. சாதியும் செல்வமும் அந்தச் சுவரைக் கட்டியிருந்தன, அவற்றுக்கு முன்னால் பல கவுன்சிலர்கள் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். ஆனால் மனு கொடுத்தும் நடக்காதபோது தெருவில் நிறுத்திக் கேட்க ஓர் ஆள் வேண்டும். தேர்தல் நடக்காத நகராட்சிகளில் அந்த ஆள் அப்போது இல்லை.

குடிசைகூட இல்லாமல் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலைய வாசலிலும் பெரியாஸ்பத்திரி ஓரத்திலும் படுக்கிறவர்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். 2010இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் என்று உத்தரவிட்டது. பிறகு வந்த மத்தியத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி, ஒரு காப்பகத்தில் நூறு பேர் என்று அளவும் குறித்தது. நீதிமன்றத்தாலும் அதிகாரியாலும் காரியம் நடக்கும்போது அரசியல்வாதி எதற்கு என்ற எதிர்வாதம் இங்கேதான் வலுவாக நிற்கிறது. 2020 ஊரடங்கில் மாமன்றமே இல்லாத கோவை மாநகராட்சி, தெருவில் கிடந்தவர்களைப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் தங்கவைத்துச் சோறும் போட்டதே! உண்மைதான், அந்த வேகம் அதிகாரிகளால் வந்தது. ஆனால் அது பேரிடர் உத்தரவின் வேகம். பள்ளி திறந்தால் கூடம் காலியாக வேண்டும். ஒரு காப்பகம் நிலைக்க வேண்டுமானால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்று வரும்போது அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சைக் கமிஷனர் பேசினால் உத்தரவாகத்தான் இருக்கும், அவர் மாற்றலாகிப் போனதும் உத்தரவும் போய்விடும். அந்தத் தெருவிலேயே மறுபடி ஓட்டுக் கேட்டு நடக்க வேண்டியவர் பேசினால் அது ஒப்பந்தம்.

அந்த ஆள் ஏன் பேச வேண்டும், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவருக்கு ஓட்டே இல்லையே என்பது அடுத்த கேள்வி. மற்றவற்றைவிட நியாயமான கேள்வியும் இதுதான். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. வீடில்லாதவர் படிவம் 6இல் தாம் படுக்கும் இடத்தையே முகவரியாகத் தரலாம். ஆவணச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒருமுறைக்கு மேல் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்தால் போதும். இந்த விதியைப் பயன்படுத்தும் தொண்டு நிறுவனங்கள் குறைவு. தெருவில் இருப்பவர்களைக் குளிப்பாட்டி, முடிவெட்டிக் காப்பகத்தில் சேர்க்கும் கொங்கு நாட்டு அறச்சிந்தை பெரியது. பள்ளியும் ஆஸ்பத்திரியும் கல்லூரியும் தனியார் தர்மத்தால் எழுந்த ஊர் இது. ஆனால் தர்மம் வாங்குகிறவருக்கு வாக்காளர் அட்டை வாங்கிக் கொடுக்கும் வழக்கம் அந்த மரபில் வளரவில்லை. பிளேக்குக்குப் பிறகு ஓட்டுள்ளவருக்குப் புரம் கிடைத்ததையும் ஓட்டில்லாதவருக்குக் கிடைக்காததையும் பார்த்த பிறகு, அட்டையைச் சோற்றுக்கு அடுத்த உதவியாக வைப்பது அவ்வளவு தூரத்து யோசனை அல்ல.

வாளையாறு தாண்டினால் வேறொரு ஏற்பாடு. கேரளத்தின் லைஃப் திட்டத்தில் வீடில்லாதவர் பட்டியலைக் கிராம சபையும் வார்டு சபையும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். நடைமுறைப் பொறுப்பு உள்ளாட்சிகளிடம். நான்கு லட்சத்துக்கு மேல் வீடுகள் அப்படி எழுந்திருக்கின்றன. அதே திட்டத்தில் வடக்காஞ்சேரி அடுக்குமாடி விவகாரம் போல ஊழல் புகார்களும் எழுந்தன, பட்டியலில் கட்சிக்காரர் பெயர் நுழைந்தது என்ற முணுமுணுப்பும் உண்டு. உள்ளாட்சியைச் சேர்த்தால் ஊழல் ஒழியும் என்று எவரும் வாக்களிக்க முடியாது. பட்டியல் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும்போது பக்கத்து வீட்டுக்காரி எழுந்து ‘இவளுக்கு ஏற்கெனவே வீடு இருக்கு’ என்று சொல்ல முடியும். வாரிய அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலிடம் அதைச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டிலும் அதற்கான கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நகரங்களில் பகுதி சபைகள் கூடின. சாக்கடை, தெருநாய், குடிநீர் நேரம் பற்றிய மனுக்களோடு ‘இந்த வார்டில் இரவில் எத்தனை பேர் வெளியே படுக்கிறார்கள், வாரிய வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்’ என்ற எண்ணிக்கையையும் ஒவ்வொரு கவுன்சிலரும் அந்தச் சபையில் வைக்க வேண்டும் என்று மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டால் அதற்குக் கோடிகள் தேவையில்லை. வாரியம் வீடு ஒதுக்கும் முன் அனுப்பும் ஊரின் உள்ளாட்சியும் வாங்கும் ஊரின் உள்ளாட்சியும் ஒரே மேசையில் கையெழுத்திட வேண்டும் என்ற விதிக்கும் தேவையில்லை. ஆனால் கையெழுத்திட ஆள் இருக்க வேண்டும். கோவை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, கீரணத்தம் போன்ற ஊர்களைத் தனி அலுவலர்கள் கையில் எடுத்தார்கள். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது.